ஆத்துல பிடிச்ச மீனை வாங்குறது பாவமா?

ஆற்றில் நிம்மதியாகத் திரியும் ஒரு மீனை வலை போட்டுப் பிடித்து, பிளாஸ்டிக் பையில் அடைத்து, விமானம் ஏற்றி, யாரோ ஒருத்தர் வீட்டு ஹாலில் அலங்காரத்துக்கு வைப்பது சரியா? நம்ம கேம்பஸில் யாரைக் கேட்டாலும் "சேச்சே, தப்பு"ன்னுதான் பதில் வரும். "பண்ணையில வளர்த்த மீன்தான் கிடைக்குதே, அப்புறம் எதுக்கு ஆத்து மீனைப் போய்த் தொந்தரவு பண்ணணும்?" என்று ஒரு கேள்வியும் கூடவே வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிர். எல்லா மீனுக்கும் இல்லை, ஒரு மீனுக்கு மட்டும். அந்த மீனை ஆற்றில் பிடித்ததாகப் பார்த்து வாங்குவதுதான் ஆற்றுக்கும் நல்லது, அந்த ஆற்றங்கரைக் காட்டுக்கும் நல்லது. எல்லாரும் பண்ணை மீனுக்கு மாறினால் அந்தக் காட்டுக்குத்தான் கஷ்டம்.

அந்த மீனின் பெயர் கார்டினல் டெட்ரா. மூணு சென்டிமீட்டர் நீளம் இருந்தாலே பெரிய ஆள். தென் அமெரிக்காவில் அமேசானின் கிளை நதியான ரியோ நீக்ரோவிலும், ஓரினோகோ நதியின் மேல்பகுதியிலும் வாழ்கிறது.

"மூணு சென்டிமீட்டர் மீனுக்கு இவ்ளோ பெரிய கட்டுரையா?" என்று கீழே ஸ்க்ரோல் பண்ணிவிடாதீங்க. சஸ்டெய்னபிலிட்டிக்கு போஸ்டர் ஒட்டுறோம், கிளப் நடத்துறோம், ஹேக்கத்தானுக்கு அதையே தலைப்பாக் கொடுக்கிறோம். நமக்கெல்லாம் இந்த மீன் ஒரு நல்ல டெஸ்ட் கேஸ். "இயற்கையைத் தொடாமல் விட்டால் அது தானாகவே பிழைத்துக்கொள்ளும்" என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோமே, அது எப்போதும் சரியா என்று சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதல்ல ஆளைப் பார்ப்போம்

கலர் மீன் கடையில் நீங்கள் கண்டிப்பாகப் பார்த்திருப்பீங்க. மேலே பளபளன்னு நீலக் கோடு, கீழே சிவப்புக் கோடு. இதற்கு ஒரு சொந்தக்காரன் உண்டு, பெயர் நியான் டெட்ரா. ரெண்டு பேரையும் குழப்பிக்கொள்வது சகஜம். அடையாளம் ரொம்ப சுலபம். நியானுக்குச் சிவப்பு பாதி உடம்பில், வால் பக்கம் மட்டும்தான். கார்டினலுக்குத் தலைக்குப் பின்னாலிருந்து வால் வரைக்கும் முழுசாகச் சிவப்பு ஓடும்.

நியான் 1936இல் அறிவியல் பெயர் வாங்கிவிட்டது. கார்டினலுக்கு 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதிலும் ஒரு கூத்து. இந்த மீனுக்கு அந்த ஆண்டு பிப்ரவரி 20ஆம் தேதி ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு பெயர் வைத்து, மீன் வளர்ப்பு ஆர்வலர்களுக்கான ஒரு பத்திரிகையில் வெளியிட்டார். அடுத்த நாளே, பிப்ரவரி 21ஆம் தேதி, மையர்ஸ், வைட்ஸ்மன் என்ற ரெண்டு பேர் இன்னொரு பெயர் வைத்து ஸ்டான்ஃபோர்ட் ஆய்விதழில் வெளியிட்டார்கள். எந்தப் பெயர் செல்லும் என்று பஞ்சாயத்து சர்வதேச விலங்கியல் பெயரீட்டு ஆணையம் வரை போனது. 1957இல் தீர்ப்பு: முன்னாடி வந்ததே செல்லும். ஒரே ஒரு நாள் வித்தியாசம்! அசைன்மென்ட் ஒரு நாள் லேட்டா வெச்சா என்ன ஆகும்னு கேக்கிறவங்க கவனிக்கவும்.

ஜெயித்த பெயரில் இருக்கும் 'ஆக்சல்ராடி' என்பது அந்தப் பத்திரிகையை நடத்திய ஹெர்பர்ட் ஆக்சல்ராட் பெயர். அதாவது இந்த மீன் அறிவியலுக்குள் நுழைந்ததே அலங்கார மீன் வியாபாரத்தின் கதவு வழியாகத்தான். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அந்த நீலக் கோடு பற்றியும் சொல்லியாக வேண்டும். அதில் நீலச் சாயம் ஒரு துளிகூட கிடையாது. தோலில் இருக்கும் சில செல்களுக்குள் குவானின் என்ற பொருளால் ஆன மெல்லிய தகடுகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு தகட்டிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று சேர்ந்து நீலத்தை மட்டும் பலமாக்கி அனுப்புகிறது. முதல் வருஷ ஃபிசிக்ஸில் தின் ஃபிலிம் இன்டர்ஃபியரன்ஸ் என்று ஒரு டெரிவேஷனை மனப்பாடம் பண்ணி எழுதினோமே, அதேதான். சோப்புக் குமிழியிலும், ரோட்டில் சிந்திய பெட்ரோலிலும் வரும் கலரின் உறவுக்கார கலர் இது. நியானிடம் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். பகலில் நீலம் கலந்த பச்சையாக இருக்கும் கோடு, இருட்டில் ஊதா நிறத்துக்கு மாறிவிடும். ஜன்னல் பிளைண்ட் போல உள்ளே தகடுகள் சாய்வதால் இடைவெளி மாறுகிறது, இடைவெளி மாறினால் கலரும் மாறுகிறது.

சரி, இவ்வளவு பளபளப்பு எதற்கு? நாலு பேர் கண்ணில் பட்டால் உயிருக்கே ஆபத்தான ஒரு சின்ன மீனுக்கு இது தற்கொலை மாதிரி இல்லையா? இந்தக் கேள்விக்கான பதில் மீனிடம் இல்லை, அது வாழும் தண்ணீரில் இருக்கிறது.

வரக்காப்பி நிற ஆறு

ரியோ நீக்ரோ என்றால் போர்த்துகீசிய மொழியில் 'கருப்பு ஆறு'. தண்ணீரை ஒரு டம்ளரில் எடுத்துப் பார்த்தால் லைட்டான வரக்காப்பி நிறத்தில் இருக்கும். சாக்கடை கலந்ததால் வந்த நிறம் இல்லை. காட்டில் விழுந்து ஊறும் கோடிக்கணக்கான இலைகளின் சாறு அது. டீத்தூள் வெந்நீரில் இறங்குகிற மாதிரி இலைகளிலிருந்து அமிலங்கள் இறங்குகின்றன. அடியில் இருப்பதோ வெள்ளை மணல், அதில் சத்து எதுவும் இல்லை. விளைவு, தண்ணீரின் பிஹெச் 4க்கும் 5க்கும் நடுவில், தக்காளிச் சாறு அளவு புளிப்பு. கரைந்த உப்பு மிகமிகக் குறைவு. நம்ம ஊர் போர் தண்ணீரோடு ஒப்பிட்டால் இது கிட்டத்தட்ட டிஸ்டில்டு வாட்டர்.

இந்தக் கலங்கிய காப்பி நிறத்துக்குள் ஒளி சீக்கிரமே மங்கிவிடும். அந்த மங்கலில் நீலக் கோடு சில கோணங்களில் மட்டும்தான் பளிச்சிடும். கூட்டமாக நீந்தும்போது தன் இனத்தை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ள அது உதவலாம். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் நியானை வைத்து இன்னொரு சுவாரஸ்யமான கருத்தும் சொன்னார்கள். நீர்ப்பரப்பின் அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வேலை செய்யும். கோட்டின் பிம்பம் அங்கே பளிச்சென்று தெரியும். துரத்தி வரும் பெரிய மீன் நிஜத்தை விட்டுவிட்டுப் பிம்பத்தைக் குறிவைக்கும் என்பது அந்தக் கருத்து. கடையில் டியூப் லைட்டுக்குக் கீழே நாம் பார்க்கும் மீன் வேறு, ஆற்றில் இருக்கும் மீன் வேறு.

அடுத்த விஷயம்தான் இந்தக் கட்டுரைக்கு அஸ்திவாரம். ரியோ நீக்ரோ வருஷத்துக்கு ஒருமுறை மூச்சு இழுத்து விடுகிற ஆறு. மழைக்காலத்துக்கும் வறண்ட காலத்துக்கும் நடுவில் நீர்மட்டம் சுமார் 10 மீட்டர் ஏறி இறங்கும். மூணு மாடிக் கட்டடம் உயரம்! வெள்ளம் ஏறும்போது கரையில் இருக்கும் காடு அப்படியே மூழ்கிவிடும். மரங்கள் சாகாது, மாதக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே நிற்கப் பழகிய மரங்கள் அவை. இந்த மூழ்கிய காட்டுக்கு அங்கே 'இகபோ' என்று பெயர்.

கார்டினல் டெட்ராவுக்கு இகபோதான் பிரசவ ஆஸ்பத்திரி, ஸ்கூல், மெஸ் எல்லாமே. வெள்ளம் ஏறியதும் மீன்கள் காட்டுக்குள் பரவி, மரக்கிளைகளுக்கும் ஊறிய இலைகளுக்கும் நடுவில் திரிந்து, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பூச்சிகளையும் புழுக்களையும் தின்று, முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். ஒரு தடவைக்குச் சில நூறு முட்டைகள். காடு இல்லையென்றால் நிழல் இல்லை, இலை இல்லை, சாப்பாடும் இல்லை. எனவே மீனும் இல்லை.

மூணு மாடி ஏறி, படிக்கட்டில் மாட்டிக்கொண்டவர்கள்

வெள்ளம் இறங்கும்போது என்ன நடக்கும்?

காட்டுக்குள் பரவிய லட்சோப லட்சம் குஞ்சுகள் திரும்பி ஓடைகளுக்கு வரவேண்டும். தண்ணீர் வேகமாக வடியும். நிறைய மீன்கள் சின்னச் சின்னக் குட்டைகளில் மாட்டிக்கொள்ளும். குட்டை சுருங்கச் சுருங்க ஆக்சிஜன் குறையும், கடைசியில் வற்றிவிடும். ஓடைக்கு வந்து சேர்ந்தவர்களும் தப்பவில்லை. அங்கே பெரிய மீன்களும் கொக்குகளும் வரிசையில் காத்திருக்கின்றன. செமஸ்டர் கடைசியில் ஹாஸ்டல் கேட்டில் எல்லாரும் ஒரே பஸ்ஸுக்கு நிற்பது போல, எல்லா மீனும் கொஞ்சம் தண்ணீருக்குள் நெருக்கியடித்து நிற்கும்.

இதனால் இயற்கையில் பெரும்பாலான கார்டினல் டெட்ராக்களுக்கு ஆயுள் ஏறக்குறைய ஒரே ஒரு வருஷம்தான். அதே மீன் ஒழுங்காகப் பராமரிக்கும் தொட்டியில் நாலைந்து வருஷம் வாழும். 'சுதந்திரமான ஆறு, சிறைப்பட்ட தொட்டி' என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கலாம்.

புள்ளிவிவரப் பாடத்தில் படித்த மாதிரி யோசியுங்க. ஒவ்வொரு வருஷமும் பெரும்பாலானவை எப்படியும் இறந்துபோகும் ஒரு கூட்டம். மிஞ்சுகிற சின்னக் கூட்டம் அடுத்த வெள்ளத்தில் மறுபடி முட்டையிட்டு எண்ணிக்கையை நிரப்பிவிடும். வறண்ட காலத்தில், குட்டையில் சாகப்போகிற மீன்களில் ஒரு பகுதியை மனிதன் கைவலையில் அள்ளினால், அடுத்த வருஷக் கணக்கில் பெரிய ஓட்டை விழுவதில்லை. மீன் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது வலை இல்லை. வெள்ளம் எவ்வளவு ஏறியது, ஏறிய இடத்தில் காடு இருந்ததா என்ற ரெண்டு விஷயம்தான்.

இந்த ஒரு உண்மை தெரியாமல் "ஆத்து மீனைப் பிடிக்காதீங்க" என்று சொல்வது, லோடு என்னவென்று தெரியாமல் பாலம் டிசைன் பண்ணுவது மாதிரி.

பியாபெய்ரோக்கள்

மீனைப் பிடிக்கிறவர்களை யாரும் பேசுவதே இல்லை. பிரேசிலில் அமேசானாஸ் மாநிலத்தில், மனாவுஸ் நகரத்திலிருந்து ஆற்றில் சுமார் 400 கிலோமீட்டர் மேலே போனால் பார்செலோஸ் என்ற ஊர் வரும். அந்த ஊராட்சி எல்லையின் பரப்பு 1.22 லட்சம் சதுர கிலோமீட்டர். ஒப்பிடச் சொன்னால், மொத்தத் தமிழ்நாடே 1.30 லட்சம்தான். ஆனால் அங்கே வாழ்பவர்கள் 30 ஆயிரத்துக்கும் குறைவு. மீதி இடம் முழுக்கக் காடும் தண்ணீரும்.

அங்கே சின்ன மீன்களுக்குப் பொதுப்பெயர் 'பியாபா'. அவற்றைப் பிடிப்பவர் 'பியாபெய்ரோ'. சின்னத் துடுப்புப் படகில் ஓடைக்குள் போய், கைவலையாலும் கூண்டுப் பொறியாலும் பிடிப்பார்கள். டிராலர் இல்லை, வெடி இல்லை, மருந்து இல்லை. பிடித்ததைப் பிளாஸ்டிக் தொட்டிகளில் வைத்து, பயணிகள் படகில் மனாவுஸுக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து ஏற்றுமதியாளர் வழியாக விமானத்தில் உலகம் முழுக்கப் போகும்.

உச்சத்தில் இருந்தபோது இந்தப் பகுதியிலிருந்து வருஷத்துக்கு 2 கோடி மீன்கள் வரை போயின. அதில் 80 சதவீதம் கார்டினல் டெட்ரா ஒன்றே. பார்செலோஸின் வருமானத்தில் 60 சதவீதம் இந்தச் சின்ன மீன்களிலிருந்து வந்தது என்று அங்கே ஆய்வு செய்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஊரே இந்த மீனை நம்பி இருந்தது என்பதற்கு இன்னொரு சாட்சி, 1990களில் தொடங்கிய அலங்கார மீன் திருவிழா. ரெண்டு அணி பிரிந்து ஆட்டம் பாட்டத்தோடு மோதிக்கொள்வார்கள். ஒரு அணியின் பெயர் கார்டினல், இன்னொரு அணியின் பெயர் டிஸ்கஸ். ரெண்டுமே மீன் பெயர்! சிஎஸ்கே மாதிரி அங்கே மீனுக்கு விசில் அடிக்கிறார்கள்.

காடு இருந்தால்தான் மீன், மீன் இருந்தால்தான் கையில் காசு. இதை யாரும் அவர்களுக்கு பிபிடி போட்டு விளக்க வேண்டியதில்லை. ஓடைக் கரையில் மரம் வெட்ட வருகிறவனை முதலில் விரட்டுவது சூழலியல் படித்தவர் இல்லை, அந்த ஓடையில் மீன் பிடிப்பவர்தான். இதைக் கவனித்த மீன் ஆய்வாளர் நிங் லாபிஷ் சாவ், 1990 வாக்கில் 'பிராஜக்ட் பியாபா' என்ற திட்டத்தைத் தொடங்கினார். அதன் கோஷத்தை நம்ம தமிழில் சொன்னால், "மீன் வாங்கு, மரத்தைக் காப்பாத்து". கேட்க விளம்பரம் மாதிரி இருந்தாலும், பின்னால் இருக்கும் தர்க்கம் கெட்டியானது.

பண்ணை வந்த பிறகு

நியான் டெட்ராவைப் பண்ணையில் வளர்ப்பது பல வருஷமாகவே நடக்கிறது. கார்டினல் கொஞ்சம் அடம்பிடிக்கும் ரகம். மிருதுவான, புளிப்பான தண்ணீர் வேண்டும், முட்டைக்கு வெளிச்சம் ஆகாது. ஆனாலும் மனிதன் விடுவானா? தென்கிழக்கு ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் அதையும் பண்ணையில் பெருக்கக் கற்றுக்கொண்டார்கள். 2000க்குப் பிறகு சந்தையில் பண்ணை மீன் குவிந்தது. ஒரே அளவு, ஒரே தரம், வருஷம் முழுக்க சப்ளை. வறண்ட காலத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், மூணு நாலு கை மாற வேண்டாம்.

கூடவே நம்மைப் போன்றவர்களின் மனசாட்சியும் சேர்ந்துகொண்டது. 'காட்டில் பிடிக்கப்படாதது' என்று சொல்வது நல்ல மார்க்கெட்டிங் ஆனது. வாங்குகிறவருக்குப் புண்ணியம் செய்த திருப்தி.

பார்செலோஸில் என்ன ஆனது? ஆர்டர் குறைந்தது. பியாபெய்ரோக்கள் பலர் தொழிலை விட்டார்கள். சிலர் தூண்டில் போட வரும் பணக்கார வெளிநாட்டவர்களுக்குப் படகு ஓட்டப் போனார்கள். சிலர் குடும்பத்தோடு மனாவுஸுக்குக் கிளம்பினார்கள். ஓடையைக் காவல் காத்தவர்கள் போன பிறகு அந்த இடம் காலியாகவே இருக்குமா? அமேசான் முழுக்க நாம் பார்க்கிற கதை தெரிந்ததுதான். மரம் வெட்டுபவர், மாடு மேய்ப்பவர், தங்கம் தோண்டுபவர். யனோமாமி பழங்குடி மக்களின் நிலத்தில் ஒரு பகுதி பார்செலோஸ் எல்லைக்குள்தான் வருகிறது. அந்த நிலத்தில் சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்கள் செய்த நாசத்தைப் பார்த்து, 2023 ஜனவரியில் பிரேசில் அரசே சுகாதார அவசரநிலை அறிவித்தது. தங்கத்தைப் பிரிக்கப் பயன்படுத்தும் பாதரசம் ஆற்றில் கலந்து, மீன் வழியாக மனிதர் உடம்புக்கு வருகிறது. காட்டிலிருந்து வருமானம் எடுக்க ஆயிரம் வழி இருக்கலாம். காட்டை அப்படியே நிற்கவைத்துவிட்டு வருமானம் எடுக்க இருக்கும் வழிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதில் ஒன்றை நாம் நல்ல எண்ணத்தோடு நெருக்குகிறோம்.

"ப்ரோ, ஆனா..."

இதை ஃப்ரெண்ட்ஸிடம் சொன்னபோது வந்த கேள்விகளை அப்படியே தருகிறேன். எல்லாமே நல்ல கேள்விகள்.

"அந்த பியாபெய்ரோவுக்கு அதுல என்ன கிடைக்குது?" ரொம்பக் குறைவு. இதை மறைத்துப் பேசினால் நான் விளம்பரதாரர் ஆகிவிடுவேன். அமேசானில் ரப்பர் காலத்திலிருந்தே ஒரு முறை உண்டு. முதலாளி முன்கூட்டியே அரிசி, டீசல், சாமான் எல்லாம் கடனாகக் கொடுப்பார், அந்தக் கடனைப் பிடித்த பொருளால் அடைக்க வேண்டும். விலையை நிர்ணயிப்பதும் அவர்தான். மீன் தொழிலிலும் இந்தக் கடன் சங்கிலி இருந்திருக்கிறது. கடையில் நாம் கொடுக்கும் விலையில் துடுப்புப் போட்டவர் கைக்குப் போவது துளியிலும் துளி. ஆனால் இதற்குத் தீர்வு அந்தத் தொழிலையே ஒழிப்பதா, பங்கைக் கூட்டுவதா? நெசவாளிக்குக் கூலி குறைவு என்பதற்காக யாராவது கைத்தறிச் சேலை வாங்காதே என்று சொல்வோமா?

பங்கைக் கூட்ட ஒரு முயற்சி நடந்திருக்கிறது. 2014இல் ரியோ நீக்ரோ அலங்கார மீன்களுக்கு பிரேசில் புவிசார் குறியீடு கொடுத்தது. மதுரை மல்லிக்கும் காஞ்சிபுரம் பட்டுக்கும் இருக்கிறதே, அதே ஜிஐ டேக். ஒரு மீனுக்கு 'இந்த ஆற்றில் பிறந்தது' என்று ஊர் பெயர் ஒட்டும் உரிமை. ஆனால் வாங்குகிறவர் யாரும் ஊர் பெயரைக் கேட்காவிட்டால் அந்த டேக் வெறும் காகிதம்.

"வழியில எத்தனை மீன் செத்துப்போகும்?" சரியான கவலை. படகு, கிடங்கு, விமானம், மறுபடி கிடங்கு, கடை என்று ஒவ்வொரு கையிலும் சரியாகக் கையாளாவிட்டால் மீன் சாகும். அதனால்தான் பிராஜக்ட் பியாபா போன்றவர்கள் பிடித்த நிமிடத்திலிருந்து எப்படிக் கையாள வேண்டும் என்று பயிற்சி கொடுக்கிறார்கள். பண்ணை மீனும் இதே பையில், இதே விமானத்தில்தான் வருகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

"அப்போ கொளத்தூர்ல மீன் வளர்க்கிறவங்க பொழப்பு?" சென்னை கொளத்தூர் பக்கம் கலர் மீன் வளர்ப்பை நம்பி எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் வயிற்றில் அடிக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. தங்கமீன், கப்பி, மோலி என்று பண்ணையில் வளர்வதற்கென்றே பழகிப்போன மீன்கள் நிறைய உண்டு. அவற்றைத் தாராளமாக அவர்களிடம் வாங்குங்கள். கார்டினல் விஷயத்தில் மட்டும்தான் என் வாதம், ஏனென்றால் அதன் பின்னால் ஒரு காடு நிற்கிறது.

"அப்படின்னா எவ்வளவு வேணா பிடிக்கலாமா?" கூடாது. யாரும் எண்ணிப் பார்க்காமல் பிடிக்கும் எந்தத் தொழிலும் ஒருநாள் கெடும். அதுவும் இப்போது ஆறே நிலைகுலைந்து நிற்கிறது. மனாவுஸில் 1902 முதல் நீர்மட்டம் அளக்கிறார்கள். 2021 ஜூனில் 30.02 மீட்டர், வரலாறு காணாத வெள்ளம். 2023 அக்டோபரில் 12.70 மீட்டர், வரலாறு காணாத வறட்சி. 2024இல் அதற்கும் கீழே போனது. ரெண்டே வருஷத்தில் உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் நடுவில் 17 மீட்டர். இந்த மீனின் வாழ்க்கையே வெள்ளத்தின் தாளத்தில் ஓடுவது. தாளம் தப்பினால் என்ன ஆகும் என்று முதலில் தெரிந்துகொள்வது யார்? தினமும் அந்த ஓடைக்குப் போய் வருகிற ஆள்தான். அவரும் ஊரைக் காலி பண்ணிவிட்டால், மீன் குறைந்தது என்று சொல்லக்கூட அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

எல்லா மீனுக்கும் இதே பதிலா?

கண்டிப்பாக இல்லை. இதைப் படித்துவிட்டு "ஆத்து மீன்தான் பெஸ்ட்"னு ஸ்டேட்டஸ் போட்டீங்கன்னா நான் எழுதினதே வீண்.

அதே பிரேசிலில், ஷிங்கு ஆற்றில், கருப்பு வெள்ளை வரியோடு ஜீப்ரா பிளெக்கோ என்று ஒரு சின்ன மீன் உண்டு. உலகத்திலேயே அந்த ஆற்றின் ஒரு வளைவில், பாறை இடுக்குகளில் மட்டும்தான் இருக்கிறது. முட்டை கொஞ்சம்தான் இடும், மெதுவாகத்தான் பெருகும். பெலோ மொண்டே அணை கட்டி அந்த வளைவுக்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதியை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். இந்த மீனைக் காட்டிலிருந்து கடத்தி வாங்குவது அப்பட்டமான கொள்ளை. பிரேசிலும் ஏற்றுமதியைத் தடை செய்திருக்கிறது, 2022இல் சைட்ஸ் ஒப்பந்தமும் இதன் சர்வதேச வர்த்தகத்துக்குக் கடிவாளம் போட முடிவெடுத்தது. இதற்குப் பண்ணை வளர்ப்புதான் சரியான பதில்.

நம் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் 'மிஸ் கேரளா' என்று செல்லமாக அழைக்கப்படும் டெனிசன் பார்ப் இருக்கிறது. அலங்கார மீன் சந்தைக்காக அளவில்லாமல் பிடித்து, இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் நிற்கிறது. அங்கேயும் காட்டில் பிடித்ததை வாங்காமல் இருப்பதே நல்லது.

மூணுமே அழகான சின்ன மீன்கள். மூணுமே கடையில் ஒரே மாதிரி பையில் வரும். ஆனால் பதில் மூணுக்கும் ஒன்று இல்லை. எவ்வளவு பரப்பில் வாழ்கிறது, எத்தனை வருஷம் வாழ்கிறது, எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது, பிடிப்பவருக்கும் அந்த இடத்துக்கும் என்ன உறவு என்ற நாலு கேள்விக்கும் விடை தெரியாமல் எது நல்லது என்று சொல்லவே முடியாது. இந்த விடைகள் கோஷத்தில் கிடைக்காது. சேற்றில் இறங்கி மீனை எண்ணியவர்கள் எழுதி வைத்த இயற்கை வரலாற்றில்தான் கிடைக்கும்.

நாம என்ன பண்ணலாம்?

மீன் வளர்க்கிறவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை கார்டினல் டெட்ரா வாங்கப் போனா, கடைக்கார அண்ணன்கிட்ட "இது எங்கேருந்து வந்துச்சுண்ணே? பண்ணையா, பிரேசிலா?"ன்னு கேளுங்க. அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பரவாயில்லை, பத்து பேர் கேட்டால் அவர் மொத்த வியாபாரியைக் கேட்பார். அவர் இறக்குமதியாளரைக் கேட்பார். கேள்வி அப்படித்தான் ஆறு வரைக்கும் ஏறும். வாங்கினால் ஒழுங்காகவும் வையுங்கள். ரெண்டு மீனை மட்டும் கிண்ணத்தில் போட்டு டேபிளில் வைக்காதீங்க. இது கூட்டமாக வாழும் மீன், குறைந்தது பத்தாவது வேண்டும். மூடியோடு ஒரு தொட்டி, ஃபில்டர், மங்கலான வெளிச்சம், அடியில் கொஞ்சம் காய்ந்த பாதாம் இலை போட்டால் தண்ணீரும் லேசாகக் காப்பி நிறம் ஆகும், மீனும் கலர் ஏறும். இதெல்லாம் ஹாஸ்டல் ரூமில் முடியாது என்றால் வாங்கவே வேண்டாம்.

மீன் வளர்க்காதவர்களுக்கு, அதாவது நம்மில் பெரும்பாலானவர்களுக்கு, இன்னொன்று. நாம் அடுத்த ஆறு மாதத்தில் டிகிரி முடித்து வெளியே போகப்போகிறோம். நம்மில் சிலர் அணை கட்டுவோம், சிலர் சப்ளை செயின் சாஃப்ட்வேர் எழுதுவோம், சிலர் 'எக்கோ ஃப்ரெண்ட்லி' என்று லேபிள் ஒட்டும் கம்பெனியில் சேருவோம். எங்கேயோ உட்கார்ந்து 'இது இயற்கைக்கு நல்லது, இது கெட்டது' என்று டிக் அடிக்கும் வேலை நமக்கு வந்தே தீரும். அந்த டிக் யாருடைய ஓடையில் போய் விழுகிறது என்று நமக்குத் தெரியாது. பார்செலோஸுக்கு வேலை போனது ஏதோ ஒரு வில்லனால் இல்லை. நல்லது செய்கிறோம் என்று நம்பிய, அந்த ஊரின் பெயரைக்கூடக் கேள்விப்படாத நிறையப் பேரும் அதில் பங்குதாரர்கள்.

அதனால் ஆத்து மீன் வாங்குவது பாவமா என்று யாராவது கேட்டால், ஆமாம் இல்லை என்று உடனே சொல்லிவிடாதீங்க. "எந்த ஆறு, எந்த மீன், யார் பிடிச்சது?"ன்னு திருப்பிக் கேளுங்க. கார்டினல் டெட்ரா, ரியோ நீக்ரோ, பியாபெய்ரோ என்று பதில் வந்தால், தாராளமாக வாங்கச் சொல்லுங்க.